ஒன்பதாம் நம்பர் பூஜை வண்டி

செப்டம்பர் 2, திங்கள்

காலையில பன்னெண்டு வண்டியும் நேரத்துக்கு வெளிய போயிருச்சு. மூணாம் நம்பர்ல ஒரு கதவு மட்டும் மூட மாட்டேன்னு அடம் புடிச்சுது. மெக்கானிக் ஆறுச்சாமி போய் ஏதோ பண்ணினார், மூடிக்கிச்சு. இந்தக் கோயம்புத்தூர் ரோட்டுல டிராம்னு குட்டி ரயில் ஓடுதுன்னு எல்லாருக்கும் தெரியும். அது காலையில அஞ்சு மணிக்கு ஓடறதுக்கு டிப்போவுல நாங்க என்ன பாடு படறோம்னு ஒருத்தருக்கும் தெரியாது.

இன்னிக்கு நான் நோட்டை எடுத்தது அதுக்கில்ல. புதுசா ஒருத்தி வந்திருக்கறா. பேரு ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரி. வெளிநாட்டுல டிராம் டிப்போவுல பல வருஷம் வேலை பார்த்தவளாம். என்னைவிட எட்டொன்பது வயசு சின்னவ. எனக்குச் சரிசமமா இணை மேலாளர்னு நாற்காலி போட்டிருக்கறாங்க, அதுவும் என்ற ரூமுக்குள்ளயே.

ஜி.எம். எங்க ரெண்டு பேரையும் நிக்க வெச்சுச் சொல்லிப்போட்டார். "தீபாவளிக்குள்ள உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர டிப்போ தலைவரா முடிவு பண்ணிடலாம்னு இருக்கோம்." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். மூணு வருஷமா என்ற பேருக்குப் பின்னால 'தலைவர், பொறுப்பு'ன்னு ஒட்டிக்கிட்டிருக்குது. அந்தப் பொறுப்புங்கற வாலை மட்டும் வெட்டி உடறதுக்கு இவங்களுக்குக் கை வரல. இப்ப போட்டிக்கு வேற ஆள்.

அவ என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க சொல்லிக் குடுங்க, நான் கத்துக்கிடுதேன்"ங்கறா. நல்லா நடிக்கறா.

செப்டம்பர் 6, வெள்ளி

ஏழாம் நம்பர்ல காத்து கம்ப்ரஸர் திணறுது. கழட்டி மாத்தச் சொன்னேன். மாத்திட்டாங்க.

டிப்போ பசங்க அவளை அக்காங்கறானுங்க. நான் மூணு வருஷமா மேடம். தலைவலின்னு வந்தா மாத்திரை குடுத்திருக்கறேன், ஆறுச்சாமி பொண்ணு கண்ணாலத்துக்கு மொத நாளே போய் நின்னிருக்கறேன், மேடம்தான். இவ வந்து ஒரு வாரம் ஆகல. வண்டிக்கு அடியில நின்னு வேலை பார்க்கற குழி ஓரத்துல காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு அவனுங்களோட டீ குடிக்கறா, அவ்வளவுதான், அக்கா ஆகிட்டா.

எனக்கு முட்டி வலி. குழி ஓரத்துல உக்காந்தா எந்திரிக்க முடியாது.

செப்டம்பர் 11, புதன்

இன்னிக்கு ஒன்பதாம் நம்பர் மேல கை வெச்சுட்டா.

விவரமா எழுதறேன். எங்ககிட்ட வண்டி பதினாலு. பன்னெண்டு ஓடும். ஒண்ணு பரிசோதனையில நிக்கும். மிச்சம் ஒண்ணுதான் ஒன்பதாம் நம்பர். அது டிப்போ மூலையில ரெண்டு வருஷமா நிக்குது. ஓடற வண்டியில எது போச்சோ அதை ஒன்பதுல இருந்து கழட்டி மாட்டுவோம். சாமான் வெளிநாட்டுல இருந்து வந்து சேர மாசக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் ஜனங்க ரோட்டுல நிப்பாங்களா? ஒண்ணைக் கழட்டிப் பன்னெண்டை ஓட்டறது என்ற முடிவு. அந்த முடிவாலதான் ஒரு நாள்கூட வண்டி குறையாம ஓட்டிக்கிட்டிருக்கறோம். பாராட்டி ஒரு மாலை போட்டாங்க, அப்புறம் மறந்துட்டாங்க.

ஜெசிந்தா அந்த வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தா. "சும்மா நிக்குத வண்டியப் பாத்தா மனசு கேக்க மாட்டேங்குக்கா. பூஜைக்குள்ள இத ஓட விட்டுருவோமா?"

"சாமானுக்கு எங்க போவே?"ன்னேன்.

"கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டு சாமானுக்கு எங்க போவேன்னு கேக்கியளே"ன்னு சிரிக்கறா. கணபதி ஏரியாவுல ஏதோ ஒரு பட்டறையில பேசி வெச்சிருக்கறாளாம். கதவு ரோலர், சீல், சின்ன பல்சக்கரம் எல்லாம் அளவு குடுத்தா செஞ்சு தர்றாங்களாம், சோதனைச் சான்றும் வாங்கித் தர்றாங்களாம். எனக்கு அது தோணாமலா போச்சு? தோணிச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாலயே தோணிச்சு. கேக்கல, அவ்வளவுதான்.

ஆறுச்சாமி மூஞ்சியப் பார்க்கோணுமே. கண்ணாலத்துக்குப் பொண்ணு கெடச்ச மாதிரி ஒரே பூரிப்பு.

செப்டம்பர் 13, வெள்ளி

வயித்து வலி. லீவு.

செப்டம்பர் 17, செவ்வாய்

ரெண்டாம் நம்பர் வளைவுல கீச்சுன்னு கத்துதுன்னு சிங்காநல்லூர்க்காரங்க புகார் குடுத்திருக்கறாங்க. சக்கரம் தேஞ்சு ஒரு பக்கம் தட்டையாயிருச்சு. கடைசல் போட அனுப்பினேன். கழுவுற கூடத்துல மோட்டார் மாத்தணும். மழை வர்றதுக்குள்ள கூரைக் கிளிப் எல்லாம் இறுக்கணும். இதெல்லாம் நான் பார்க்கறேன். இது ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாது. ஒன்பதுல ஒரு பல்பு எரிஞ்சா டிப்போவே கை தட்டுது.

சனிக்கெழமை நான் ஒப்புட்டு சுட்டுக் கொண்டு போயிருந்தேன். பாதி டப்பா திரும்பி வந்துச்சு. இன்னிக்கு அவ ஒரு தூக்குல கருவாட்டுக் கொழம்பு கொண்டாந்தா. தூக்கை வழிச்சு நக்கிப்போட்டானுங்க. எனக்கும் ஒரு கிண்ணத்துல ஊத்தி வெச்சா. வேண்டாம்னுட்டேன். வாசம் நல்லாத்தான் இருந்துச்சு.

செப்டம்பர் 25, புதன்

ஒன்பதாம் நம்பர் ஓடுச்சு.

டிப்போவுக்குள்ள ஒரு சுத்து, அப்புறம் மெயின் லைன்ல காந்திபுரம் வரைக்கும் ஜனங்களை ஏத்தாம போய்த் திரும்பி வந்துச்சு. விசிலடிக்கறானுங்க, அவளைத் தோள்ல தூக்காத குறை. ஜி.எம். போன்லயே "ப்ரில்லியன்ட்"ங்கறார். போட்டோ எடுத்தாங்க. என்னையும் கூப்பிட்டு அவ பக்கத்துல நிக்க வெச்சாங்க. நானும் சிரிச்சேன். போட்டோவுல பார்த்தா பல் வலிக்காரி மாதிரி இருக்கறேன்.

வீட்டுக்கு வந்து இவர்கிட்டச் சொன்னேன். இவர் கிரைண்டர் கடைக் கணக்கை மூடி வெச்சுப்போட்டு, "வாணி, உனக்குப் பொறாமை"ன்னார்.

"எனக்கென்ன பொறாமை? அந்த வண்டியைக் கழட்டினதே நான்தானுங்க. எந்த எடத்துல எது இல்லைன்னு நான் எழுதி வெச்சதைப் பார்த்துத்தான் அவ மாட்டினா. அதை ஒருத்தன் சொன்னானா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்"ன்னு எந்திரிச்சுக் கை கழுவப் போயிட்டார். பேசாம இருந்தா என்னவாம் இந்த மனுசனுக்கு.

செப்டம்பர் 30, திங்கள்

இந்த வருஷம் ஆயுத பூஜைப் பொறுப்பு ஜெசிந்தாவுக்கு. ஜி.எம். மெயில்லயே போட்டுட்டார். பூஜை வண்டி ஒன்பதாம் நம்பராம்.

எங்க டிப்போவுல ஒரு வழக்கம் உண்டு. ஓடற வண்டிக்கெல்லாம் ஒரு பொட்டு, ஒரு முழம் பூ, அவ்வளவுதான். பூஜை வண்டின்னு ஒண்ணை மட்டும் குழி மேல ஏத்தி, அடியில இருந்து கூரை வரைக்கும் கழுவித் தொடச்சு ஜோடிப்பாங்க. தொடச்சு முடிச்சுட்டா அப்புறம் அதை அசைக்கக் கூடாது. பூஜை முடிஞ்சு விஜயதசமி அன்னைக்குக் காலையில எலுமிச்சம்பழத்து மேல ஏத்தித்தான் மொத அசைவு.

இதுல ஒரு கண்டம் இருக்குது. நம்ம ஆளுகளுக்கு இரும்புன்னு கண்ணுல பட்டா போதும், தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தேச்சு மினுக்கிப்போடோணும். பக்திங்க. சக்கரத்துப் பக்கத்துலயே பிரேக் புடிக்கற தட்டு இருக்குது. அதுல எண்ணெய் பட்டா பிரேக் வழுக்கும். சைக்கிள் ரிம்முல எண்ணெயை விட்டு பிரேக் புடிச்சுப் பாருங்க, தெரியும். மத்த நாள்னா வண்டியை நகத்தி பிரேக் பார்த்துட்டுத்தான் அனுப்புவோம். பூஜை வண்டியை அசைக்கவே கூடாதே, எங்க பார்க்கறது? மொத வருஷம் ஒப்பந்தத் துப்புரவு ஆள் ஒருத்தன் பளபளன்னு தேச்சு வெச்சிருந்ததை நான்தான் பார்த்தேன். அப்ப இருந்து ஒவ்வொரு வருஷமும் நானே குழிக்குள்ள எறங்கி நின்னுக்கிட்டு, "டேய், தட்டுப் பக்கம் துணி போச்சு, கையை ஒடிச்சுப்போடுவேன்"னு கத்துவேன். எல்லாரும் சிரிப்பானுங்க.

இந்த வருஷம் அவ கத்தட்டும்.

அக்டோபர் 4, வெள்ளி

ஜெசிந்தா பேனாவும் கையுமா வந்து உக்காந்துட்டா. "அக்கா, எங்க வீட்ல ஞாயித்துக்கிழம மாதா கோயில் உண்டு, இந்தப் பூஜைல எனக்கு முன்ன பின்ன பழக்கம் கிடையாது. பத்து வருஷம் வெளிய வேற இருந்துட்டேன். ஒண்ணு விடாம சொல்லுங்க. ஏதாவது குறை வந்துட்டா இவங்க மனசு சங்கடப்படும்."

சொன்னேன். பூசணிக்காய் எத்தனை, பூ எங்க வாங்கறது, பொரி கடலைக்கு யார்கிட்டச் சொல்றது, வாழக்கன்னு எந்தத் தூணுக்குக் கட்டறது, அய்யர் எப்ப வருவார், ஜி.எம்.முக்கு எந்த ஊதுவத்தி வாசம் ஆகாது, எல்லாம். அவளும் எழுதிக்கிட்டே இருந்தா. கடைசியில, "வண்டி விஷயத்துல கவனிக்க வேண்டியது ஏதும் உண்டாக்கா?"ன்னு கேட்டா.

"அதெல்லாம் உனக்குத் தெரியாததா?"ன்னேன்.

அவளும் சந்தோசமா எந்திரிச்சுப் போனா. புகழ்ந்ததா நெனச்சுக்கிட்டா போல. வெளிநாட்டுல இருந்தவளுக்கு பிரேக் தட்டுல எண்ணெய் ஆகாதுன்னு நான் பாடம் எடுக்கோணுமாக்கும்.

அக்டோபர் 8, செவ்வாய்

பத்தாம் நம்பர்ல ஏ.சி. தண்ணி ஒழுகுது. அஞ்சுல ஒரு சீட்டை எவனோ பிளேடால கிழிச்சிருக்கறான். வியாழக்கெழமை லீவு எழுதிக் குடுத்துட்டேன். அன்னைக்குத்தான் பூஜை வண்டி கழுவறது. "அக்கா நீங்க இல்லாமயா?"ன்னு மூஞ்சி வாடிப்போச்சு அவளுக்கு. ஒறம்பரை வீட்டுக்குப் போகோணும்னு சொன்னேன். அப்படி ஒரு ஒறம்பரையும் இல்ல.

அக்டோபர் 10, வியாழன்

வீட்டுல இருந்தேன். சாயங்காலம் டிபன் கேரியரை எடுக்கறதுக்கு டிப்போவுக்கு ஒரு எட்டுப் போய்த் திரும்பினேன். வேற ஒண்ணும் விசேஷமில்ல.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஒன்பதாம் நம்பர் ஜொலிக்குது. ரெண்டு பக்கமும் வாழக்கன்னு, நெத்தியில பெரிய சந்தனப் பொட்டு, செவ்வந்தி மாலை. நான் பண்ணின மூணு வருஷத்துலயும் இப்படி இருந்ததில்ல. ஒத்துக்கறேன். அவ மாம்பழக் கலர்ல பட்டுச் சேலை கட்டி, தலை நெறைய மல்லிகைப்பூ வெச்சுக்கிட்டு நிக்கறா. அய்யர் தீபாராதனைத் தட்டை எடுத்துக்கிட்டு வந்தப்ப, "முதல்ல எங்க அக்காவுக்குக் குடுங்க"ன்னு என்னைக் கை காட்டினா. எல்லாரும் பார்க்கறாங்க. கண்ணுல ஒத்திக்கிட்டேன்.

நேத்து எழுதினதுல ஒண்ணு விட்டுப்போச்சு. டிபன் கேரியர் எடுக்கப் போனவ குழிப் பக்கமும் போனேன். ஒப்பந்த ஆளுக கழுவி முடிச்சுப் போயிருந்தாங்க. எண்ணெய்க் கிண்ணம் அங்கயே இருந்துச்சு, துணியும். குனிஞ்சு பார்த்தேன். முட்டி வலிக்கத்தான் செஞ்சுது. நாலு தட்டும் மினுமினுன்னு இருந்துச்சு. விரல வெச்சுத் தொட்டேன். விரல மூந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய்.

ஜெசிந்தா அந்தப் பக்கம் ஆறுச்சாமியோட நின்னு தோரணம் கட்டிக்கிட்டிருந்தா. பத்தடி தூரம். என்னைப் பார்க்கல. கூப்பிட்டிருந்தா ஒரு நொடி வேலை. எண்ணெய் போக்கற கரைசல் ஒரு பாட்டிலும் நல்ல துணியும் இருந்தா தொடச்சு முடிச்சிருக்கலாம்.

கூப்பிடல. ஆனா சும்மா விட்டுடறதுக்கும் நான் அப்படிப்பட்டவ இல்ல. நாளைக்குக் காலையில எட்டரைக்கு வண்டி எடுக்கறாங்க. எலுமிச்சம்பழம் வெச்சு, ஜி.எம். கொடி அசைக்கறப்ப, நான் முன்னால போய்க் கையை நீட்டி, "நிறுத்துங்க, மொதல்ல பிரேக் தட்டைப் பாருங்க"ன்னு சொல்லப்போறேன். ஜி.எம். முன்னாடி. பசங்க எல்லாரும் இருக்கறப்ப. யாருக்கும் அடி படாது, ஒண்ணும் ஆகாது. டிப்போவை யார் பார்த்துக்கிட்டிருந்தாங்கன்னு எல்லாருக்கும் ஒரு தடவை தெரிஞ்சா போதும்.

நீலப் பட்டு இஸ்திரி போட்டு வெச்சிருக்கறேன்.

அக்டோபர் 12, சனி

நீலப் பட்டு கட்டினேன். கண்ணாடியில பார்த்தா வயசானவளாத் தெரிஞ்சுது. அவிழ்த்துப்போட்டு அரக்குக் கலரு கட்டினேன். அதுக்கு ஜாக்கெட் சேரல. மறுபடியும் நீலம். இவர் வாசல்ல ஸ்கூட்டர் ஸ்டார்ட் பண்ணிப்போட்டு ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தார்.

ஜி.எம். ஏர்போர்ட்டுக்குப் போகோணும்னு சீக்கிரம் வந்துட்டாராம். அதனால எட்டரைக்கு முன்னாலயே எடுத்துட்டாங்க. நான் கேட்டுக்குள்ள நுழையறப்ப அந்தச் சத்தம் கேட்டுது.

இதுக்கு மேல எழுத முடியல.

அக்டோபர் 13, ஞாயிறு

வண்டி கூடத்துல இருந்து கழுவுற கூடத்துக்குப் போற பாதை இறக்கம். டிரைவர் கனகராஜ் மெதுவாத்தான் எடுத்திருக்கறான். கொடிக்கிட்ட நிறுத்தறதுக்கு பிரேக்கைப் புடிச்சிருக்கறான். புடிக்கல. அவசர பிரேக்கை அமுக்கறதுக்குள்ள வண்டி எலுமிச்சம்பழத்தையும் தாண்டி, கொடியையும் தாண்டி, கழுவுற கூடத்துச் செவுத்துல மூக்கைக் கொண்டு போய்க் குத்திருச்சு. பாதையில ஆள் இல்லாதது சாமி புண்ணியம். கனகராஜுக்குச் சிராய்ப்புதான். டிரைவர் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தது ஜெசிந்தா. தோள்பட்டை எலும்பு ஒடிஞ்சுது, நெத்தி கிழிஞ்சுது. பூஜைக்குக் கட்டின அதே மாம்பழக் கலர் சேலையைத்தான் அன்னைக்கும் கட்டியிருந்தா, அதெல்லாம் ரத்தம்.

ஸ்ட்ரெச்சர்ல தூக்கறப்ப என்னைப் பார்த்துட்டா. "அக்கா, யாருக்கும் அடி இல்லல்லா?"ன்னு கேட்டா. இல்லன்னு தலையை ஆட்டினேன்.

நான் எட்டரைக்குன்னு நெனச்சுத்தான் போனேன். எட்டரைக்குன்னுதான் சொன்னாங்க. சேலைக்காக லேட் ஆச்சு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்.

அக்டோபர் 14, திங்கள்

விசாரணைக் குழு போட்டிருக்கறாங்க. மூணு பேர். வெள்ளிக்கெழமைக்கு மேல ஒவ்வொருத்தரையா கூப்பிடுவாங்களாம். பதினொண்ணாம் நம்பர்ல மேல கம்பியைத் தொடற கைக்குக் கரித்தகடு மாத்தினோம். தீபாவளிக் கூட்டம் இப்பவே ஆரம்பிச்சிருச்சு. ஒரு வண்டியும் குறையக் கூடாது.

இவர் சாப்பிட்டுக்கிட்டே, "வியாழக்கெழமை நீ டிப்போவுக்குப் போயிருந்தியல்ல?"ன்னார்.

"டிபன் கேரியருக்கு."

"அப்ப ஒண்ணும் பார்க்கலையா?"

"பார்த்திருந்தா சொல்லியிருக்க மாட்டேனா"ன்னு கத்தினேன். தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாம இருந்தா நல்லா இருக்காது. கொய்யாப்பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டுப் போனேன்.

தோள்ல கட்டு. நெத்தியில தையல். மொகம் வீங்கி ஒரு கண்ணு மூடிக் கெடக்குது. இருந்தும் எந்திரிச்சு உக்காரப் பார்க்கறா. பசங்க வந்து போயிருப்பானுங்க போல, மேசை பூரா பழம், பிஸ்கட், ஒரு தூக்குப் பாத்திரம். நான் கொண்டு போனதை வெக்க எடமில்ல. அந்த நேரத்துலயும் அது எனக்கு உறைச்சுது. என்ன சென்மமோ நான்.

"எல்லாம் என் தப்புதான்க்கா"ன்னா. "நான்லா பொறுப்பு. தொடச்சு முடிச்சப்பறம் ஒரு தடவை கீழ எறங்கிப் பாத்திருக்கணும். தோரணம் கட்டிக்கிட்டு நின்னுட்டேன். யாரையும் குறை சொல்ல மாட்டேன். கழுவின ஆளுங்க பாவம், சாமிக்குன்னு செஞ்சாங்க. அவங்கள வேலைய விட்டு எடுக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"உனக்கு என்ன ஆகும்?"

"பாதுகாப்புச் சான்றை ரத்து பண்ணுவாங்க. அது இல்லாம எந்த ஊர்லயும் எந்த டிப்போலயும் சேத்துக்க மாட்டாங்க." சாதாரணமாச் சொன்னா. அப்புறம் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. "எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுக்கா. வண்டிதான் தெரியும்"ன்னா.

கெளம்பறப்ப என்ற கையைப் புடிச்சுக்கிட்டா. "கமிட்டிக்கு எழுதுறப்ப ஒண்ணு எழுதினேன். நீங்க அன்னைக்கு லீவுல இல்லாம இருந்திருந்தா இது நடந்திருக்காது, அக்கா கண்ணுல இது தப்பாதுன்னு. அது உண்மதான?"

ஆமான்னு சொன்னேன்.

மூணு வருஷமா இந்த ஒரு வார்த்தையை எவனாவது சொல்லுவானான்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். சொன்னவ இவ.

அக்டோபர் 19, சனி

தூக்கம் இல்ல.

அக்டோபர் 21, திங்கள்

ஜி.எம். கூப்பிட்டு அனுப்பினார். விசாரணை முடிஞ்சதும் என்னைத் தலைவராப் போட்டு உத்தரவு வருமாம். 'பொறுப்பு' கெடையாது, முழுத் தலைவர். "உங்க அருமை இப்பத்தான் புரியுது"ன்னார். நன்றிங்கன்னேன். வெளிய வந்து, எட்டாம் நம்பர்ல கதவு சென்சார் பார்க்கச் சொன்னேன்.

ஆறுச்சாமி அங்கதான் நின்னுக்கிட்டிருந்தார். ஸ்பானரைத் தொடச்சுக்கிட்டே, "நீங்க வருஷா வருஷம் குழிக்குள்ள நின்னு கத்துவீங்க. நாங்க சிரிப்போம். இந்த வருஷம் கத்த ஆளில்லாமப் போச்சுங்க மேடம்"ன்னார். கண்ணு கலங்கியிருந்துச்சு. "அக்காவுக்கு நானாவது சொல்லியிருக்கோணும். தோரணத்துல மறந்துபோட்டேனுங்க. குழுவுல அதைச் சொல்லிப்போடலாம்னு இருக்கறேன்."

"நீங்க எதுக்கு?"ன்னேன்.

"மனசு கேக்க மாட்டேங்குதுங்க"ன்னார்.

அட கெரகமே. மறந்துபோனவர் சொல்றேங்கறார், தோரணம் கட்டினவ எழுதியே குடுத்துட்டா. எண்ணெயைத் தொட்டு மூந்து பார்த்தவ மட்டும் தலைவராகப் போறா.

அக்டோபர் 24, வியாழன்

நாளைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கறாங்க. ஒரே கேள்விதான் கேப்பாங்களாம், ஜி.எம். சொன்னார். லீவுல இருந்தேன், எனக்குத் தெரியாதுன்னா முடிஞ்சுது. பத்து நிமிசத்துல வந்துடலாம்.

நானும் மூணு நாளா அதையே சொல்லிப் பார்த்துக்கிட்டிருக்கறேன். லீவுல இருந்தேன், தெரியாதுங்க. லீவுல இருந்தேன், தெரியாதுங்க. நல்லாத்தான் வருது.

ஆனா ஒண்ணு மட்டும் ஜீரணம் ஆகல. இனி இந்த டிப்போவுல எத்தனை வருஷம் தலைவரா இருந்தாலும், எவனாவது ஒருத்தன் டீ குடிக்கறப்ப சொல்லுவான். ஜெசிந்தாக்கா எல்லாப் பழியையும் தானே ஏத்துக்கிட்டுப் போச்சுடா, அதல்லவா மனுசின்னு. நான் அதைக் கேட்டுக்கிட்டு ரூமுக்குள்ள உக்காந்திருக்கோணும். நின்ன வண்டியையும் அவ ஓட வெச்சா, பசங்க மனசும் அவளுக்கு, பூஜையும் அவளுக்கு. இப்ப நல்லவங்கற பேரும் அவளுக்கா? அதுவும் என்ற தப்புல இருந்து எடுத்துக்கிட்டு?

உடமாட்டேன்.

அக்டோபர் 25, வெள்ளி

நீளமான மேசை. மூணு பேர். ஓரத்துல டைப் அடிக்கறதுக்கு ஒரு பையன். குழுத் தலைவர் வயசான மனுசர், அன்பாத்தான் பேசினார். "உக்காருங்கம்மா. அன்னைக்கு நீங்க லீவு, சரிங்களா?"

"லீவுதானுங்க. ஆனா சாயங்காலம் டிப்போவுக்கு வந்தேன்."

மூணு பேரும் நிமிர்ந்து பார்த்தாங்க. சொன்னேன். கிண்ணம், துணி, நாலு தட்டு, விரல வெச்சது, மூந்தது. ஜெசிந்தா பத்தடியில நின்னது. அக்டோபர் நாலாம் தேதி அவ கேட்டப்பவே சொல்லாம விட்டது. காலையில எல்லார் முன்னாடியும் சொல்லலாம்னு வெச்சிருந்தது. சேலை மாத்தினதைக்கூடச் சொல்லிப்போட்டேன். ஆரம்பிச்சப்புறம் நிறுத்தத் தெரியல.

அப்புறம் தலைவர் மெதுவா, "ஏம்மா சொல்லல?"ன்னார்.

"பொறாமைங்க."

டைப் அடிக்கற பையன் கையை நிறுத்திப்போட்டு அவரைப் பார்த்தான். அவர் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சார். "காரணம்னு ஏதாவது, உடம்பு சரியில்ல, கவனக்குறைவு, அப்படி எழுதிக்கலாம். இதை எப்படிம்மா எழுதறது?"

"பொறாமைன்னே எழுதச் சொல்லுங்க. அவளுக்குக் கேக்கத் தெரிஞ்சுது, எனக்குச் சொல்ல மனசு வரல. கவனக்குறைவுன்னு எழுதினா அது அவ மேல போயிரும்."

எழுதினான். படிச்சுக் காட்டினாங்க. கையெழுத்துப் போட்டேன். சாவிக்கொத்தையும் அடையாள அட்டையையும் அங்கயே மேசை மேல வெச்சுட்டு வந்தேன், கேக்கறதுக்கு முன்னாலயே. போலீசுக்குப் போகுமான்னு தெரியல. இவர் வெளிய ஸ்கூட்டர்ல காத்துக்கிட்டிருந்தார். வீட்டுக்கு வந்து ரெண்டு பேரும் ரசம் சோறு சாப்பிட்டோம்.

நாளைக்குக் காலையில பன்னெண்டு வண்டி வெளிய போகோணும். நான் இருக்க மாட்டேன். இனி அவ சான்றை ரத்து பண்ண மாட்டாங்க, தோள் கூடி வந்ததும் அவளைத்தான் தலைவராப் போடுவாங்க. நல்லாவே பார்த்துக்குவா. என்னைவிட நல்லா பார்த்துக்குவா. இதை எழுதறப்பவும் வயிறு எரியத்தான் செய்யுது.